மாத்திரை இலவசம், கிளினிக் நாள் யாருடைய கணக்கில்?

போன வருஷம் டிசம்பர் லீவில் நாங்கள் கம்பஸ் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருத்துவ முகாம் வைத்தோம். கோயில் மண்டபத்தில் இரண்டு மேசை, இரவல் வாங்கிய மூன்று பிரசர் மெஷின், மருத்துவ பீடத்தில் படிக்கிற இரண்டு அண்ணாமார், ஒரு தாதி அக்கா, பின்னால் ஒரு பெரிய பேனர். காலையிலிருந்து மூன்று மணி வரைக்கும் அளந்தோம். 140/90க்கு மேல் போன ஆட்களுக்கெல்லாம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தோம்: "உடனடியாகக் கிளினிக் செல்லவும்." கடைசியில் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்து முகநூலில் போட்டோம். நல்ல லைக்கும் வந்தது.

துண்டு வாங்கிய ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எழுதிக் குடுத்திட்டீங்க புள்ள, சரி. எந்த நாளு போறது?"

கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்கிறார் என நினைத்து, "செவ்வாய்க்கிழமை, அம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். "செவ்வாக்கெழமன்னு எனக்குத் தெரியாதா? நான் கேக்கிறது, அன்னைக்கு யாரு எனக்குப் பேரு போடுவா?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணாவுக்கும் வரவில்லை. அவர் துண்டை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து நான் எழுதுகிற பதில் இது.

தோட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வரி. "பேர்" என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே அன்றைய நாள் விழுந்தால் சம்பளம். விழாவிட்டால் இல்லை. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்.

"சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை"

மலையகத்தில் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் முதலில் வருகிற வாக்கியம் இது. பிரசர் கூடினதா? விழிப்புணர்வு இல்லை. பாரிசவாதம் வந்ததா? விழிப்புணர்வு இல்லை. சிறுநீரகம் போனதா? அதே. உடனே ஒரு கருத்தரங்கு, ஒரு போஸ்டர், ஒரு முகாம். நாங்களும் அந்த நம்பிக்கையில்தான் பேனர் அடித்தோம்.

இது பொய் என்று நான் சொல்வதற்குக் காரணம் என் பெரியம்மா. அம்மாவுடைய மூத்த அக்கா. 44 வயதில் அவருக்குப் பிரசர் இருப்பது தெரிந்தது. கிளினிக் கொப்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தன்னுடைய நம்பரை மனப்பாடமாகச் சொல்லுவார்: "போன தடவ நூத்தி அறுவது, இந்தத் தடவ நூத்தி அம்பத்தி ரெண்டு." பிரசர் கூடினால் தலைக்குள் நரம்பு வெடிக்கும் என்பதும் தெரியும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதும் தெரியும். எங்கள் லயத்தில் அது தெரியாத ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கொப்பியில் திகதி முத்திரைகளைப் பார்த்தால் இன்னொரு கதை. கொழுந்து குறைந்து வேலை நாள் குறைகிற மாதங்களில் ஒழுங்காக முத்திரை இருக்கிறது. கொழுந்து கூடின மாதங்களில் இல்லை. வேலை கிடைக்கிற மாதத்தில் ஒரு நாளை விட மனம் வராது. அந்த மாதங்களில் 30 நாளைக்குக் கொடுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு 60 நாளைக்கு இழுத்திருக்கிறார். பெரியம்மா அறியாமையில் மாத்திரையை விடவில்லை. ஒரு கையில் சம்பளத்தையும் மறு கையில் இரத்த அழுத்தத்தையும் வைத்து நிறுத்துத்தான் விட்டார்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வெட்கப்பட்டு டொக்டரிடம் சொல்லவேயில்லை. கொடுத்த மூன்று மாத்திரைகளில் ஒன்று தண்ணி மாத்திரை. உடம்பிலுள்ள மேலதிக உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து. மலிவானது, நல்லது, உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் மலையில் கக்கூஸ் இல்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு, சுற்றிவர ஆட்கள் நிற்கிற தேயிலைச் செடிக்கு நடுவில் ஒரு பொம்பளை நாலு தடவை எங்கே போவது? மாத்திரை போடுகிற நாளில் தண்ணி குடிக்க மாட்டார். தண்ணி குடிக்கிற நாளில் மாத்திரை போட மாட்டார். இந்தப் பிரச்சினைக்கு எந்த விழிப்புணர்வுப் போஸ்டரில் பதில் இருக்கிறது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போதே பெரியம்மா விழுந்தார். வலது கை, வலது கால் போனது. பேச்சு பாதி திரும்பி வந்தது. கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் நின்ற அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது லயத்தில் இருக்கிறாள். ஒரு பாரிசவாதம், இரண்டு சம்பளம்.

கொப்பியைக் கணக்குக் கொப்பியாகப் பார்ப்போம்

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். 1951இல் கட்டணத்தை நீக்கினார்கள். இது சாதாரண விஷயம் இல்லை, நான் அதைக் கேலி செய்யவும் இல்லை. பெரியம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவை அமெரிக்காவில் ஒரு குடும்பம் கட்டியிருந்தால் வீட்டை விற்றிருக்கும். ஆனால் "இலவசம்" என்ற சொல் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. லயத்திலிருந்து அந்த வாசல் வரைக்கும் போய்வருகிற செலவு யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கைப் போடுகிறேன். 2025இல் நாட்சம்பளம் 1,350 ரூபா. கிளினிக் போன நாளுக்குப் பேர் விழாது, அது முழுதாகப் போகும். அதோடு கம்பனி கட்ட வேண்டிய ஈ.பி.எஃப். 12 வீதமும் ஈ.டி.எஃப். 3 வீதமும் அந்த நாளுக்கு இல்லை: 202 ரூபா 50 சதம். பஸ்ஸுக்கும் ஒரு தேத்தண்ணிக்கும் குறைந்தது 400. கூட்டினால் ஒரு கிளினிக் நாளின் விலை 1,952 ரூபா 50 சதம். வருஷத்துக்கு 12 தடவை என்றால் 23,430 ரூபா. அதாவது பதினேழு நாள் சம்பளத்துக்கும் மேல். இதில் "இந்த மாத்திரை இல்லை, வெளியில வாங்குங்க" என்று சொல்லுகிற மாதங்களைச் சேர்க்கவில்லை. 2022 நெருக்கடியில் அப்படி எத்தனை மாதம் போனது என்பது வீட்டில் நோயாளி இருக்கிற எல்லாருக்கும் நினைவிருக்கும்.

இந்த 23,430ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு எண் இருக்கிறது.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்று நாடுகளின் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கோப்ரா என்று பெயர், முடிவு 2020இல் வந்தது. 30 இடங்கள், 2,645 நோயாளிகள். செய்தது பெரிய வித்தை இல்லை. ஏற்கெனவே இருக்கிற சமூக சுகாதார ஊழியர்களைப் பழக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பிரசர் அளந்து, பேசி, தேவையானவரை டொக்டரிடம் அனுப்ப வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் மற்றக் கிராமங்களைவிட இவர்களுடைய மேல் எண் சராசரியாக 5 புள்ளி அதிகமாக இறங்கியிருந்தது. ஐந்துதானா என்று நினைக்காதீர்கள். ஒரு ஊர் முழுக்க ஐந்து இறங்கினால் பாரிசவாதமும் மாரடைப்பும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். இதற்கு ஆன மேலதிகச் செலவு, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 11 அமெரிக்க டொலருக்கும் குறைவு. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 3,300 ரூபா.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். நோயாளியின் வீட்டுக்கு ஆள் அனுப்ப 3,300. நோயாளி தானே வந்துபோக 23,430. வீட்டுக்கு ஆள் அனுப்பக் "காசில்லை" என்கிறார்கள். அதைவிட ஏழு மடங்கு காசை ஏற்கெனவே ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கட்டுவது பெரியம்மா. அவருடைய செலவு எந்த பட்ஜெட்டிலும் ஒரு வரியாக வராததால் அது செலவாகவே தெரிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் உயர் இரத்த அழுத்தம் பற்றி முதல் தடவையாக ஒரு உலக அறிக்கை வெளியிட்டது. நோய் உள்ள ஐந்து பேரில் நாலு பேருக்குப் போதிய சிகிச்சை இல்லை என்றது. நாடுகள் இதைச் சரிசெய்தால் 2050க்குள் 76 மில்லியன் மரணங்களைத் தடுக்கலாம் என்றது. பொருளாதாரத்தில் போடுகிற ஒன்றுக்கு ஏறக்குறைய 18 திரும்பி வரும் என்றது. ஒன்றுக்குப் பதினெட்டு! சீட்டுப் பிடிக்கிறவன்கூட இவ்வளவு வட்டி சொல்ல மாட்டான். அப்படியென்றால் ஏன் யாரும் போடவில்லை? என் பதில் இது: காசு போட வேண்டியவர் ஒருவர், நன்மை போய்ச் சேருகிறவர் வேறொருவர், நட்டம் விழுகிறவர் மூன்றாவது ஆள். தோட்டத்தில் இந்த மூன்றாவது ஆளிடம் கணக்கு எழுதுகிற பேனை ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த நாட்டுக்குச் செய்யத் தெரியாதா?

தெரியும். நன்றாகவே தெரியும். கோபம் வருவது அதனால்தான்.

தோட்டத்தில் ஒரு பெண் கர்ப்பமானால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்கு வருகிறார், கொப்பி போடுகிறார், வராவிட்டால் தேடி வருகிறார். திரிபோஷ வருகிறது. பிள்ளை பிறந்தால் தோட்டத்திலேயே நிறை பார்க்கிறார்கள், தடுப்பூசி தப்பினால் விசாரிக்கிறார்கள். குறைகள் உண்டு, ஆனால் வீட்டைத் தேடி வருகிற இந்த முறையால்தான் தாய் சேய் மரணத்தைக் குறைத்த நாடு என்று உலகம் இலங்கையைப் பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறது. அதே பெண்ணுக்கு 45 வயதாகிப் பிரசர் வந்தால் மட்டும் "நீ மலையிறங்கி வா" என்கிறார்கள். பிள்ளை பெறுகிற உடம்புக்கு அரசாங்கம் வீடு தேடி வருகிறது. கொழுந்து எடுத்துத் தேய்ந்த உடம்பு அரசாங்கத்தைத் தேடிப் போக வேண்டும்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் மூலம் வீட்டுக்கு அனுப்பிய அதே நாடு இது. ஒரு கிருமிக்காகச் சில வாரத்தில் செய்ய முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் நாட்டில் சாகிற ஐந்து பேரில் நாலு பேர் தொற்றாத நோய்களால்தான் சாகிறார்கள். அதற்காக ஏன் முடியாது?

மாத்திரை விஷயத்திலும் அப்படித்தான். லுணுகலை தாண்டிப் போனால் பிபிலை. அந்த ஊரைப் பெயரில் வைத்திருந்த பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் என்ன செய்தார் என்று கேளுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் வந்தது. கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பார்த்து, நாடு முழுக்கத் தேவையானதை ஒரே இடத்தில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்குவது என்பது அவருடைய வழி. அம்லோடிபினும் லோசார்ட்டனும் இன்றைக்கு அரசுக்கு மலிவாகக் கிடைப்பது அப்படிப்பட்ட சிந்தனையால்தான்.

2018இல் வெளியான இன்னொரு ஆய்வு முழுக்க இலங்கையிலேயே நடந்தது. நகர ஆஸ்பத்திரிக் கிளினிக்குகள் 11, நோயாளிகள் 700 பேர். மூன்று மருந்தையும் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 55 பேருக்குப் பிரசர் கட்டுப்பட்டது, ஒரே மாத்திரையில் 70 பேருக்கு. உலகமே எடுத்துப் பேசின முடிவு. எங்கள் நாட்டு நோயாளிகள் உலகத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியம்மா கடைசி வரைக்கும் மூன்று உறையைப் பிரித்து, எது எப்போது என்று குழம்பிக்கொண்டுதான் இருந்தார், ஏனென்றால் உறையில் எழுதியிருந்தது அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இல்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் பார்ப்போம். 1964 ஒப்பந்தத்தில் பிரிந்துபோய்க் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறின சொந்தம் இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. அவர்கள் போய்ச் சேர்ந்த தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் ஆரம்பித்து மாநிலம் முழுக்க விரித்தார்கள். பிரசருக்கும் சீனி வருத்தத்துக்கும் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுப்பதுதான் திட்டத்தின் நடு. அதிலும் குறை இருக்கிறது. "தொண்டர்" என்று பெயர் வைத்து, சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை கொடுத்துப் பெண்களை வேலை வாங்குகிறார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. இங்கே செய்தால் அந்தப் பிழையை விட்டுவிட்டுச் செய்வோம். ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். மக்கள் மருந்தைத் தேடுவதில்லை, மருத்துவம் மக்களைத் தேடுகிறது.

எங்கள் ஊரில் யார் யாரைத் தேடி வருகிறார்கள்? சனி ஞாயிறு என்றால் மடுல்சீமை குட்டி உலக முடிவு பார்க்க, கூடாரம் அடிக்க, கொழும்பிலிருந்து வான் வானாக வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் கூடாரம் ஏறி வருகிற பாதையில் ஒரு பிரசர் மெஷின் ஏறி வர முடியாது என்று மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

லாபம் யாருக்கு, பொறுப்பு யாருக்கு

கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் மேல் பாசம் வந்து அல்ல. ஆள் செத்தால் வேலை நிற்கும். அந்தக் கணக்கில் தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரியும் மருந்துக்காரரும் வந்தார்கள். கொடுமையான கணக்குத்தான். ஆனாலும் வேலை வாங்குகிறவனுக்குத் தொழிலாளியின் உடம்பில் பொறுப்பு உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது. 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் வந்தது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது, அந்த வேலை இன்றும் அரைகுறை. இடையில் பொறுப்பு எங்கோ விழுந்துவிட்டது. கம்பனியைக் கேட்டால் "சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை". அரசாங்கத்தைக் கேட்டால் "தோட்டம் கம்பனியின் இடம்".

சரி, கம்பனிக்குப் புரிகிற மொழியிலேயே பேசுவோம். ஒரு தோட்டத்தில் பிரசர் உள்ள தொழிலாளிகள் 100 பேர் என்று வைப்போம். மாதத்துக்கு ஒருநாள் கிளினிக் போனால் வருஷத்துக்கு 1,200 வேலை நாள். பிரசர் கட்டுப்பட்டவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுத்தால் 400 நாள் போதும். மிச்சம் 800 நாள். ஒரு நாளைக்கு 18 கிலோ என்றால் 14,400 கிலோ கொழுந்து. காய்ந்து தூளாகும்போது மூவாயிரம் கிலோவுக்கு மேல். "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று புலம்புகிற துரைமாரே, உங்கள் ஆள் கிளினிக் வரிசையில் நிற்கிறார். பாரிசவாதத்தில் படுத்துவிட்டவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

2025 நவம்பர் 7ஆம் திகதி வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில் சம்பளம் 1,550 ஆகிறது, அதோடு வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா வரவு ஊக்கத்தொகை தரும், மொத்தம் 1,750 என்றார்கள். நல்லது. சம்பளம் கூடுவதை எதிர்க்க நான் பைத்தியமில்லை. ஆனால் வரவுக்குக் காசு என்றால் வராத நாளுக்குத் தண்டம் என்றும் அர்த்தம். கிளினிக் நாளின் விலை இனி 1,350 இல்லை, 1,750. சம்பளம் கூடக் கூட ஆஸ்பத்திரி தூரமாகிறது. இதை யாராவது கவனித்தார்களா?

சங்கங்களையும் கேட்கிறேன். மாதாமாதம் செக்ரோலில் சந்தா வெட்டுகிறீர்கள். சம்பளத்துக்காகப் போராடினீர்கள், மறுக்கவில்லை. கிளினிக் நாளுக்குப் பேர் வேண்டும் என்று ஒரு மேதின மேடையிலாவது பேசினதாக நான் கேட்டதில்லை.

வழக்கமான மறுமொழிகள்

"கிளினிக் நாளுக்குப் பேர் போட்டால் எல்லாரும் நோய் என்று லீவு எடுப்பார்கள்." பிரசரை நடிக்க முடியாது. கொப்பியில் திகதி முத்திரை இருக்கிறது, நம்பர் இருக்கிறது. வரிசையில் வெறும் வயிற்றோடு நாலு மணித்தியாலம் நிற்பதை உல்லாச லீவு என்று நினைப்பவர் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

"மூன்று மாத மாத்திரையைக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள்." இந்தச் சனத்திடம்தான் நூற்றைம்பது வருஷமாகக் கோடிக்கணக்கான ரூபாத் தேயிலையை நம்பிக் கொடுத்திருக்கிறீர்கள். தொண்ணூறு மாத்திரையை நம்ப முடியாதா?

"கம்பனிகள் நட்டத்தில் ஓடுகின்றன." நட்டமோ லாபமோ, மேலே போட்ட கணக்கில் கம்பனியின் கையிலிருந்து போவதைவிடக் கைக்கு வருவது கூட. நட்டத்தில் ஓடுகிறவன்தான் இதை முதலில் செய்ய வேண்டும்.

"உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், குடியை நிறுத்தச் சொல்லுங்கள்." இதில் உண்மை இருக்கிறது, நான் ஒளிக்கவில்லை. கருவாடு, உப்புப் போட்ட ரொட்டி, காரச் சம்பல், சாராயம், வெற்றிலை எல்லாம் சேர்ந்துதான் பிரசரை ஏற்றுகிறது. ஆம்பிளைகள் மெஷினுக்குப் பக்கத்தில்கூட வராத வீம்பும் எங்களுடையதுதான். ஆனால் பத்து மணிக்கு மலையில் நின்று ரொட்டியும் சம்பலும் தின்கிறவளிடம் பழமும் மரக்கறியும் சாப்பிடச் சொல்லுகிறவர், அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்பைக் குறைத்தாலும் பெரும்பாலானோருக்கு மாத்திரை தேவைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள்.

அப்ப என்ன செய்யலாம்?

கேட்பது அதிகம் இல்லை. கொப்பியில் முத்திரை விழுந்த நாளுக்கு முழுப் பேரும் வரவுக் காசும். பிரசர் கட்டுப்பட்டவர்களுக்கு மூன்று மாத மருந்து. லயத்திலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற ஒரு பெண்ணைப் பழக்கி, முறையான சம்பளம் கொடுத்து, மாதம் ஒரு தடவை கொழுந்து நிறுக்கிற இடத்தில் பிரசர் அளக்க வைப்பது. கொழுந்தைத் தினமும் நிறுக்கிறீர்கள், எடுத்தவளை மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் என்ன? மாத்திரை உறையில் தமிழ். மலையில் கக்கூஸ்.

இதில் ஒன்றுக்கும் புதிதாக ஆஸ்பத்திரி கட்டத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ. மெஷின் தேவையில்லை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை, ஒருவேளை அதுதான் இதிலிருக்கிற பிரச்சினை.

கடைசியாக நாங்கள். இந்த டிசம்பரிலும் முகாம் வைக்கலாமா என்று வட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. வைப்போம். ஆனால் பேனர் வேண்டாம். அளந்துவிட்டு "கிளினிக் செல்லவும்" என்று துண்டு எழுதிக் கொடுத்து எங்கள் வேலை முடிந்தது என்று வர வேண்டாம். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்டு எழுதுவோம்: போன வருஷம் எத்தனை கிளினிக் தவறியது, ஏன் தவறியது, அந்த நாளுக்குப் பேர் விழுந்ததா? அந்தத் தாளை துரையிடமும், தலைவரிடமும், பிரதேச சுகாதார அலுவலகத்திலும், நாங்கள் வாக்களித்து அனுப்பின பாராளுமன்ற உறுப்பினரிடமும் கொண்டுபோய்க் கொடுப்போம். கொடுத்தது யார், வாங்கினது யார், என்ன பதில் சொன்னார் என்று இதே பக்கத்தில் எழுதுவோம். எங்கள் வீடுகளில் எத்தனை கிளினிக் கொப்பி இருக்கிறது, அதில் எந்த மாதம் முத்திரை இல்லை என்று லீவுக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. இந்த முறை போனால் லயம் லயமாகக் கேட்டுத் தேடிப் பார்க்கப் போகிறேன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் அவருக்கு அன்றைக்குப் பேர் போட வேண்டியது யார் என்று எனக்கு இப்போது தெரியும்.